குத்துதலும் தடுத்தலும்: குழந்தைகளுக்கான நோய்த்தடுப்பில் பெற்றோர் முன் வைக்கப்பட்ட சொற்கள்

1802ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தியின் கையில் பசுவம்மைப் பொருள் குத்தப்பட்டது. பாக்தாத், பாஸ்ரா வழியாகக் கைக்குக் கை மாறி வந்த பொருள் அது. அவ்வாண்டிலேயே அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. நலமாக இருக்கும் குழந்தையின் உடலில் நோய்ப்பொருள் ஒன்றைச் செலுத்த இசைவதா, மறுப்பதா என்ற வினாவை அரசு பெற்றோரிடம் கேட்கத் தொடங்கிய காலம் இதுவே. மருத்துவ வரலாற்றாசிரியர்கள் இவ்வினாவுக்குக் கிடைத்த விடைகளை, அதாவது குத்திக்கொண்டோர் தொகையையும் மறுத்தோர் கூறிய காரணங்களையும், விரிவாக ஆராய்ந்துள்ளனர். வினா எந்தச் சொற்களில் கேட்கப்பட்டது என்பது அந்த அளவுக்கு நோக்கப்படவில்லை. சொல்லைக் கேட்டுத்தான் தாயும் தந்தையும் முடிவு செய்தனர் என்பதால் இது மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளரும் கருத்தில் கொள்ள வேண்டிய பகுதியாகும்.

அம்மை என்னும் பெயர்

தமிழில் பெரியம்மை நோயைக் குறிக்க வைசூரி என்ற சொல் உண்டு. அது வடமொழி மசூரி, மசூரிகை என்பவற்றோடு தொடர்புடையது. மசூரம் என்னும் பருப்பின் வடிவில் கொப்புளம் எழுவதால் வந்த பெயர் என்பர். மருத்துவ ஏடுகளிலும் கற்றோர் வழக்கிலும் அச்சொல் நிலைபெற்றது. ஆயினும் வீடுகளில் வழங்கிய பெயர் அம்மை. தாயைக் குறிக்கும் சொல்லே தெய்வத்தையும் நோயையும் ஒருங்கே குறித்தது. முத்து, ஆத்தா, மாரி என்பனவும் அவ்வாறே. மராத்தியில் நோய்க்கு தேவி என்பதே பெயர். இந்தி வட்டாரங்களில் மாதா வெளிப்பட்டாள் என்பர். வங்காளத்தில் சீதளை, குளிர்ந்தவள்.

பெயரைக் காட்டிலும் அதனோடு வரும் வினைகள் கருதத்தக்கவை. ‘குழந்தைக்கு அம்மை வார்த்திருக்கிறது’, ‘அம்மை போட்டிருக்கிறது’, ‘அம்மை விளையாடுகிறது’, ‘அம்மை இறங்கிவிட்டது’ என்பன வழக்குகள். வார், போடு என்பன செயப்படுபொருள் குன்றா வினைகள். எனினும் இவ்வாக்கியங்களில் வார்த்தவர் யார், போட்டவர் யார் என்பது சொல்லப்படுவதில்லை. சொல்லவேண்டிய தேவையும் இல்லை. குழந்தை நான்காம் வேற்றுமையில் நிற்கிறது, பெறுவதாக. தாய்க்கு இவ்வாக்கியத்தில் இடமே இல்லை. வேப்பிலை செருகுவதும், தாளிப்பை நிறுத்துவதும், கொப்புளம் அடங்கியபின் தலைக்குத் தண்ணீர் வார்ப்பதும் அவள் செய்வன. அவை வந்ததை வரவேற்று வழியனுப்பும் செயல்கள். நோயை வரவழைப்பதும் தடுப்பதும் அவளுக்குரிய வினைகளாக மொழியில் இல்லை.

குத்துதல்

இந்நிலையில் புதிய செயலுக்கு அமைந்த பெயர் அம்மை குத்துதல் என்பது. யார் முதலில் வழங்கினார் என்று தேடுவதில் பயனில்லை. மக்கள் வழக்கிலேயே உருவாகும் இயல்புடைய தொடர் அது. குத்துதல் என்னும் வினை குழந்தைகளைப் பொறுத்தவரை ஏற்கெனவே இரண்டு இடங்களில் வழங்கிவந்தது. காது குத்துதல் ஒன்று, பச்சை குத்துதல் மற்றொன்று. மேலோட்டமாக நோக்கின் மூன்றும் ஒரே அமைப்பின. ஆனால் காது என்பது குத்தப்படும் உறுப்பு. பச்சை என்பது குத்தி உள்ளே வைக்கப்படும் பொருள். அம்மை குத்துதல் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆகவே இத்தொடரைக் கேட்ட தாய் விளங்கிக்கொண்டது, அம்மை இல்லாத குழந்தையின் கையில் அம்மையைக் குத்தி வைக்கிறார்கள் என்பதே.

அவள் விளங்கிக்கொண்டது பிழையன்று. நடந்தது அதுவே. பசுவின் அம்மை என்று பொருள்படும் இலத்தீன் தொடரைத்தான் எட்வர்டு ஜென்னரும் 1798இல் வெளியிட்ட தம் நூலின் தலைப்பில் வைத்தார். தமிழ்த் தொடர் பசுவை விட்டுவிட்டு அம்மையை மட்டும் வைத்துக்கொண்டது. அறிவியல் நோக்கில் பெரும்பாலும் உண்மையான இத்தொடரே இசைவு பெறுவதற்கு மிகக் கடினமான தொடராகவும் அமைந்தது. தெய்வம் தானாக வந்தால் வார்த்ததாகும். மனிதன் குத்தினால் அழைத்ததாகும்.

குத்திய பொருளுக்கு அம்மைப்பால் என்று பெயர். ஆலம்பால், எருக்கம்பால் என்பனபோலக் கசிந்து வரும் நீர்மத்தைப் பால் எனல் தமிழ் வழக்கே. ஆயினும் அம்மையும் பாலும் சேர்ந்தவுடன் தாய்ப்பாலின் நிழல் விழாமல் இருப்பதில்லை. கைக்குழந்தைக்குரிய மருந்துப்பொருளுக்கு இதைவிட இணக்கமான பெயரைத் திட்டமிட்டுக் கூட உருவாக்கியிருக்க முடியாது. பெயரின் இணக்கம் நடைமுறையில் இல்லை. வெப்ப நாட்டில் அப்பொருள் விரைவில் வீரியம் இழந்தது. எனவே குத்தப்பட்ட குழந்தையின் கொப்புளம் முதிர்ந்த எட்டாம் நாள் அளவில் அதைக் கீறி நீர் எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினர். குழந்தையே கலமாயிற்று. எந்தச் சாதிக் குழந்தையின் கையிலிருந்து எடுத்தது என்ற வினாவும், தம் குழந்தையின் புண்ணை மீண்டும் கீறவிடுவதா என்ற வினாவும் பெற்றோருக்கு எழுந்தன. அதிகாரிகள் பலர் இவற்றை மூடநம்பிக்கை என்ற ஒரே தலைப்பின்கீழ் எழுதிவைத்தனர். இரண்டாவது வினாவை அவ்வாறு ஒதுக்குதல் முறையன்று. ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பிற நோய்களும் செல்லும் என்பது பின்னர் ஐரோப்பாவிலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. கன்றின் தோலில் பொருளை உருவாக்கும் முறை அதன் பின்னரே பரவியது. சென்னைக் கிண்டியில் 1899இல் நிறுவப்பட்ட கிங் நிலையம் இத்தகைய பொருளை உருவாக்குவதற்கென்றே தோன்றியது.

கல்வி விரும்பன்

பெற்றோரின் தயக்கத்தை நீக்க மொழியையே கருவியாக்க முயன்றவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். சென்னைக் கலெக்டராகவும், 1812இல் தோன்றிய புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் முதன்மையாளராகவும் இருந்தவர். தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதை 1816இல், கால்டுவெல்லுக்கு நாற்பது ஆண்டுகள் முன்னரே, சான்றுகளுடன் நிறுவியவர். மொழியியலார் இவரை அறிந்திருப்பது இக்காரணத்தால். அம்மை குத்துதலின் வரலாற்றில் இவருக்குள்ள இடம் வேறு வகையானது.

எல்லிஸ் வடமொழியில் ஒரு சிறு செய்யுள் இயற்றி, அதைப் பழந்தாளில் எழுதுவித்து, தொன்மையான நூல் ஒன்று கிடைத்ததாகப் பரப்பினார் என்பது ஜென்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜான் பேரன் பதிவுசெய்துள்ள செய்தி. பசுவிலிருந்து வந்த காப்பு என்றால் பிராமணர் ஏற்பர் என்பது கணிப்பு. இதே காலத்தில், 1819 ஜனவரியில், ‘மெட்ராஸ் கூரியர்’ இதழில் ஒரு கடிதம் வெளிவந்தது. தன்வந்திரி இயற்றியதாகக் கூறப்பட்ட ஒரு சாக்தேய கிரந்தத்தில் பசுவின் மடியில் எழும் கொப்புள நீரைக் குத்தும் முறை கூறப்பட்டுள்ளது என்றது அக்கடிதம். கையொப்பம் ‘கல்வி விரும்பன்’. அதை எழுதியவர் எல்லிஸே என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. புனைபெயரின் அமைப்பும் சற்றே கருதத்தக்கது. விரும்பன் என்பது இலக்கணப் பிழையன்று. ஆனால் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்குக் கல்வி விரும்பி என்றோ கல்வியை விரும்புவோன் என்றோ வந்திருக்கும். கற்றுத் தேர்ந்தவரின் தமிழ் அது. சக்தி தன்வந்திரிக்கு உபதேசிப்பதாக அமைந்த பசுவம்மைக் கதை ஒன்றும் எல்லிஸின் எழுத்துகளில் உண்டு. தாமஸ் டிரவுட்மன் திராவிடச் சான்றைப் பற்றி 2006இல் வெளியிட்ட நூலில் அது பின்னிணைப்பாகத் தரப்பட்டுள்ளது.

தமிழ்த் தொடர் விட்டுவிட்ட பசுவை எல்லிஸ் மீண்டும் கொண்டுவந்தார். தெய்வத்தை விலக்காமல் அவளையே பேசவைத்தார். மனிதன் குத்துவது அவளை மீறுவதன்று, அவள் அருளியதே என்றாக்கினார். மொழிபெயர்ப்பு உத்தி என்ற அளவில் இது நுட்பமானது. பெறும் பண்பாட்டின் உள்ளிருந்தே கருத்தைப் பேசவைக்கும் முயற்சி எனலாம். ஆனால் பெற்றோரின் இசைவு என்ற நிலையில் நோக்கினால் இது பொய்ச் சான்று காட்டிப் பெறும் கையொப்பம். அதன் விளைவும் எண்ணியவாறு அமையவில்லை. நம்பவேண்டியவர் எத்தனை பேர் நம்பினர் என்பதற்குச் சான்று அரிது. மாறாக, ஐரோப்பிய மருத்துவ நூல்கள் அக்கடிதத்தை மெய்யென்று எடுத்தாண்டன. பண்டைய இந்தியர் அம்மை குத்துதலை அறிந்திருந்தனர் என்ற கூற்று நூறாண்டுகளுக்கும் மேலாகச் சுற்றிவந்தது. 1987இல் டொமினிக் வுஜாஸ்டிக் இதன் மூலத்தைத் தேடிப் புனைவு எனக் காட்டிய பின்னரும் அது முற்றிலும் ஓயவில்லை.

சட்டத்தின் மொழி

1880ஆம் ஆண்டின் சட்டம் வினாவின் தன்மையையே மாற்றியது. அது நடைமுறைக்கு வந்த நகராட்சிகளிலும் பாளையங்களிலும், ஆறு மாதம் நிறைந்த, காப்புப் பெறாத குழந்தையைப் பெற்றோரோ காப்பாளரோ கொண்டுவந்து குத்துவிக்க வேண்டும். ஆண் குழந்தைக்குப் பதினான்கு வயதுவரையிலும் பெண் குழந்தைக்கு எட்டு வயதுவரையிலும் இக்கடமை உண்டு. அதே சட்டம் பழைய முறையை, அதாவது மனிதரின் பெரியம்மைப் பொருளையே எடுத்துக் குத்துவதை, தடை செய்தது. வங்காளத்தில் டீகாதார்கள் பல தலைமுறையாகச் செய்துவந்த தொழில் அது. ஹால்வெல் 1767இல் அதை விரிவாக எழுதியுள்ளார்.

ஆங்கிலத்தில் கட்டாயமாக்கப்பட்டதற்கும் தடுக்கப்பட்டதற்கும் இரண்டு சொற்கள் உள்ளன. தமிழில் குத்து என்ற ஒரே வினை. அம்மை குத்துதல் என்ற தொடர் எந்த அம்மை, எதிலிருந்து எடுத்தது என்று கூறுவதில்லை. ஆகவே அடைமொழி சேர்க்காமல் பெயர்த்தால், அம்மை குத்துவது குற்றம் என்றும் அம்மை குத்தாதது குற்றம் என்றும் ஒரே சட்டம் கூறுவதாகும். பசுவம்மை, கோவசூரி போன்ற சொற்கள் இந்த நெருக்கடிக்கு விடையாக அமைந்தவை. ஆனால் அவை ஏட்டிலேயே தங்கின. தெருவில் குத்துபவர் வந்தபோது வழங்கியது பழைய தொடரே. இந்தியிலும் வங்காளத்திலும் டீகா என்ற சொல் இதே இரட்டை வேலையைச் செய்தது.

இங்கிலாந்தில் 1898இல் வந்த சட்டம், குத்துவதால் குழந்தைக்குத் தீங்கு நேரும் என்று மனச்சான்றுப்படி நம்பும் பெற்றோருக்கு விலக்கு அளித்தது. மனச்சான்றுப்படி மறுப்போர் என்ற ஆங்கிலத் தொடர் பரவியது இதன் வழியாகவே. முதல் உலகப் போரின்போதுதான் அது படையில் சேர மறுப்போருக்கு மாறியது. இன்று இத்தொடரைப் பெயர்ப்போர் போரை மட்டுமே எண்ணிப் பெயர்க்கின்றனர். அதன் பிறப்பிடம் கைக்குழந்தையின் கை. 1880ஆம் ஆண்டின் இந்தியச் சட்டத்தில் அத்தகைய விலக்கு இல்லை. எனவே அதற்கொரு தமிழ்ச் சொல்லும் தேவைப்படவில்லை.

இந்திய மொழிகளில் இம்மறுப்பை வலுவாக எழுதியவர் காந்தியடிகள். ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் 1913இல் குஜராத்தியில் வந்த அவருடைய உடல்நலக் கட்டுரைகள் அம்மை குத்துதலைக் கடுமையாகக் கண்டித்தன. அவற்றின் இந்தி வடிவத்திலிருந்து ஏ. ராம ஐயர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைச் சென்னை எஸ். கணேசன் 1921இல் வெளியிட்டார். தந்தை ஒருவரின் கருத்து மூன்று மொழி கடந்து பொது அறிவுரையாயிற்று. 1930இன் தொடக்கத்தில் அவருடைய சபர்மதி ஆசிரமத்திலேயே பெரியம்மை பரவிக் குழந்தைகள் இறந்தனர்.

மூன்று எழுத்துகள்

விடுதலைக்குப் பின் இதே வினா காசநோயை முன்னிட்டு எழுந்தது. கிண்டியில் 1948இல் பி.சி.ஜி. ஆய்வுக்கூடம் அமைந்தது. பெருந்திரளான குழந்தைகளுக்கு அதைச் செலுத்தும் இயக்கமும் தொடங்கியது. எதிர்ப்பின் மையமாகச் சென்னை விளங்கியது. முதலமைச்சர் பதவியிலிருந்து 1954இல் விலகிய இராஜாஜி, தாம் ஏன் எதிர்க்கிறார் என்பதை விளக்கி 1955இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் வெளியிட்டார். நலமாக உள்ள குழந்தைகளின் உடலில், பயன் உறுதியாகாத ஒன்றைப் பெருமளவில் செலுத்தலாகாது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இராஜாஜி 1916இல் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கத்தைச் சேலத்தில் நிறுவியவர்களுள் ஒருவர். வேதியியலைத் தமிழில் எழுத முடியும் என்று எழுதியே காட்டியவர். அவர் எதிர்த்த மருந்தின் பெயரோ தமிழில் பெயர்க்கப்படவே இல்லை. பிரெஞ்சு அறிஞர் இருவர் பெயர்களின் முதலெழுத்துகளைக் கொண்ட அக்குறுக்கம் பி.சி.ஜி. என்றே வழங்கியது, இன்றும் வழங்குகிறது. அம்மை குத்துதல் என்ற தொடர் பெற்றோரிடம் அளவுக்கு மீறிச் சொன்னது என்றால், பி.சி.ஜி. ஒன்றுமே சொல்லவில்லை. உயிருள்ள, வீரியம் குறைத்த கிருமி அதில் உள்ளது என்பதை அறியப் பெற்றோருக்கு வேறு வழி வேண்டியிருந்தது. ஜெர்மனியின் லூபெக் நகரில் 1930இல் வீரியமுள்ள கிருமி கலந்துவிட்டதால் எழுபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தனர். அந்நிகழ்ச்சியை அறிந்தவர்களுக்கு எழுந்த அச்சத்தை அறியாமை என்று கூறிவிட முடியாது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பேராய்வின் முடிவுகள் 1979இல் வெளிவந்தன. நுரையீரல் காசநோயை அது அங்கே தடுக்கவில்லை என்பது தெரியவந்தது. அதே வேளையில், கைக்குழந்தைகளுக்கு வரும் மூளையுறைக் காசநோய் போன்ற கடும் வடிவங்களிலிருந்து அது காக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பிறந்தவுடன் அதைப் போடுவது இக்காரணத்தால்தான். இராஜாஜியின் ஐயம் ஒரு பாதியில் நின்றது, மறு பாதியில் நிற்கவில்லை. ‘காசநோய்த் தடுப்பூசி’ என்று விரித்துச் சொன்னாலும் எந்தக் காசநோய் என்பது அதில் இல்லை.

தடுப்பூசி

பாஸ்டர் 1881இல் ஜென்னரைப் போற்றும் வகையில் பசுவம்மையின் பெயரையே எல்லா நோய்களுக்குமான காப்புக்கும் விரித்தார். ஐரோப்பிய மொழிகளில் பசு அவ்வாறு மறைந்தது. இந்திய மொழிகள் பலவும் தத்தம் பழஞ்சொல்லை இவ்வாறே விரித்தன. இந்தியிலும் தெலுங்கிலும் டீகா, மராத்தியில் லஸ், கன்னடத்தில் லஸிகெ என்பன பொதுச்சொற்களாயின. மராத்தியின் தேவி காடணே, மலையாளத்தின் அச்சுகுத்து, தமிழின் அம்மை குத்துதல் ஆகியன விரியவில்லை. தேவியும் அம்மையும் நோயின் பெயரையே தம்முள் வைத்திருந்ததால் அவை வேறு நோய்க்குச் செல்ல இயலவில்லை. பெரியம்மை இந்தியாவில் 1975இல் ஓய்ந்து, 1980இல் உலகெங்கும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. அத்தொடரும் மேற்கைத் தழும்பும் மூத்த தலைமுறையோடு நின்றன.

அதன் இடத்தில் வந்தது தடுப்பூசி. அம்மை குத்துதல் உள்ளே செல்லும் பொருளைச் சொன்னது. தடுப்பூசி கருவியையும் பயனையும் சொல்கிறது. உள்ளே செல்வது யாது என்பதை விட்டுவிடுகிறது. இசைவு கேட்பவருக்கு இது வாய்ப்பான சொல். மறுக்க நினைப்பவருக்குச் சொல்லில் பிடி எதுவும் இல்லை. 1978இல் தொடங்கி 1985இல் நாடு தழுவிய திட்டமாக வளர்ந்த குழந்தைத் தடுப்புத் திட்டத்தில் தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், இரணஜன்னி மூன்றுக்குமான ஊசி முத்தடுப்பு ஊசி எனப்பட்டது. அழகிய ஆக்கம் அது. 2011இன் இறுதியில் தமிழகத்திலும் கேரளத்திலும் முதலில் வந்த ஐந்து நோய்க்கான ஊசிக்கு அம்மாதிரி தொடரவில்லை. பென்டாவேலண்ட் என்பதே பெருவழக்காயிற்று. போலியோவுக்கு ஊசி இன்றிச் சொட்டு மருந்து வந்ததால் அதற்குத் தனிப்பெயர் தேவைப்பட்டது.

தடு என்பது எதை, யாருக்கு என்ற இரண்டையும் வேண்டும் வினை. தடுப்பூசியில் இரண்டும் தொக்கு நிற்கின்றன. கேட்போர் ‘என் குழந்தைக்கு’ என்று இயல்பாக நிரப்பிக்கொள்கின்றனர். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம் உள்ளிட்ட பகுதிகளில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் நடந்தபோது இவ்விடைவெளி வெளிப்பட்டது. ரூபெல்லா குழந்தைகளுக்குப் பெரும்பாலும் எளிய நோய். அதன் கொடுமை கருவுற்ற பெண்ணைத் தொற்றும்போது வயிற்றிலுள்ள சிசுவுக்கு. ஆகவே ஒரு சிறுவனுக்குப் போடப்படும் ஊசி இன்னும் பிறவாத, யாரோ ஒருவருடைய குழந்தைக்கான தடுப்பும் ஆகும். இதைத் தடுப்பூசி என்ற சொல் சொல்வதில்லை. ரூபெல்லா என்ற சொல்லும் சொல்வதில்லை. சொல்லப்படாத இடத்தில் வாட்ஸ்அப் வதந்திகள் நுழைந்தன. தமிழ்நாட்டில் பெற்றோர் பலர் தயங்கினர். இயக்கத்தின் காலம் நீட்டிக்கப்பட்டது.

இசைவைக் குறிக்கும் சொற்களிலும் நிலையின்மை உண்டு. அறிந்து அளிக்கும் இசைவு, தகவலறிந்த ஒப்புதல், சம்மதம் எனப் படிவங்கள் வேறுபடுகின்றன. ஒப்புதல் என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் வழங்குவதால் பொருத்தமற்றது. இசைவு ஏற்கத்தக்கது. ஆனால் துணை சுகாதார நிலையத்தின் வாசலில் இச்சொற்கள் எவையும் கேட்பதில்லை. அங்கே கேட்பது, ‘ஊசி போட்டாச்சா?’ என்பது. ‘நேற்றுதான் ஊசி போட்டிருக்கிறது, ராத்திரி காய்ச்சல் அடித்தது’ என்று தாய் அடுத்த வீட்டாரிடம் கூறுகிறாள். குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது என்ற பழைய வாக்கியத்தின் அதே அமைப்பு இது. குழந்தை நான்காம் வேற்றுமையில் நிற்கிறது, போட்டவர் சொல்லப்படவில்லை, முடிவு செய்த தாய்க்கு வாக்கியத்தில் இடமில்லை. ஒரு வேறுபாடு உண்டு. யார் போட்டது என்று கேட்டால், இப்போது அவளால் செவிலியரைக் காட்ட முடியும்.